தேய்ந்த மரப்படிக்கட்டைச் சரிசெய்வது: அடியில் தொடங்கி மேலே முடிக்கும் முழு வழிகாட்டி

மரப்படி தேய்ந்துவிட்டது என்றதும் பலரும் முதலில் கையில் எடுப்பது உப்புத்தாளைத்தான். மேலே தேய்த்து, லப்பம் வைத்து, வார்னிஷ் அடித்து இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். பார்க்கப் புதுசாக இருக்கும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அதே படி அதே இடத்தில் கிறீச்சிடும், லப்பம் பெயரும்.

எங்கள் வீட்டில் மச்சுக்குப் போகும் படி தேக்கு, 13 படிகள், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடி. முதல் தடவை நானும் மேலேயிருந்துதான் தொடங்கினேன். இரண்டாம் தடவை அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தபோதுதான், தேய்மானம் மேலே தெரிந்தாலும் நோவு கீழே இருந்தது புரிந்தது. அதன்பின் சொந்தக்காரர்கள் வீட்டில் மூன்று படிக்கட்டுகளுக்குக் கூடமாட நின்று வேலை செய்திருக்கிறேன். மூன்றிலும் தடுமாற்றம் வேலை வரிசையில்தான் வந்தது. முதலில் தாங்கும் சட்டம், பிறகு பொருத்துகள், பிறகு மிதிக்கும் பலகை, கைப்பிடி, கடைசியாகப் பூச்சு. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால், நான் சொல்லும் சொற்கள் இவை: கால் வைக்கும் பலகை மிதிபலகை. இரண்டு மிதிபலகைக்கு நடுவே செங்குத்தாக நிற்பது முகப்புப் பலகை (பல பழைய படிகளில் இது இருக்காது, ஏணி மாதிரி திறந்திருக்கும்). இருபுறமும் சாய்வாகப் போய் எல்லாவற்றையும் தாங்குவது பக்கச்சட்டம். அளவுகளை அங்குலத்திலும் நூலிலும் சொல்கிறேன். ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.

1. காலத்தையும் வழியையும் முதலில் முடிவு செய்யுங்கள்

தை பிற்பாதி முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். அப்போது பார்த்துப் பார்த்து வைத்த துண்டு கோடையில் சுருங்கி இடைவெளி விடும். கத்திரி வெயிலில் செய்தால் நேர்மாறு: இறுக்கமாக அடித்த ஆப்பு மழையில் ஊதி, பலகையையே பிளக்கும்.

பத்து அங்குல அகலமுள்ள பலகை ஒரு வருடத்துக்குள் அகலவாக்கில் அரை நூலுக்கு மேல் ஏறி இறங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே நான் சொல்லப்போகும் பாதிக் காரணங்கள் தானாகவே புரியும்.

படி ஒன்றுதான் மாடிக்கு வழி என்றால், மாடியில் தேவைப்படும் துணிமணி, மருந்து, பாத்திரம் எல்லாவற்றையும் முதல் நாளே இறக்கிவிடுங்கள். பெரியவர்கள் படுக்கையைக் கீழே மாற்றுங்கள். வேலை நிறுத்தும் ஒவ்வொரு மாலையும் படியின் அடியிலும் மேலும் கயிறு கட்டுங்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் வருகிறவருக்கு ஒரு பலகை இல்லாதது தெரியாது.

தனி ஆளாக, 13 படிக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கும். அதில் பாதி நேரம் பசையும் வார்னிஷும் காய்வதற்கு.

2. கையில் இருக்க வேண்டியவை

கால் அங்குலம், முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என மூன்று உளி. கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), சுத்தியல், இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம், ரசமட்டம், ட்ரில்லிங் மெஷின், நான்கு ஜி-கிளாம்ப், ஆணி பிடுங்கும் கடப்பாரை, நல்ல டார்ச். உப்புத்தாள் 80, 120, 180 நம்பரில். கோணி ஊசி ஒன்று, சாக்பீஸ் இரண்டு. இந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

பசைக்கு ஃபெவிகால் மரைன் போன்ற, ஈரம் தாங்கும் வகை வாங்குங்கள். சாதாரண வெள்ளைப் பசை, வீடு துடைக்கும் தண்ணீர் தொடர்ந்து பட்டால் இளகும். ஸ்க்ரூ 8-ஆம் நம்பர், இரண்டரை அங்குலம்.

மரம் வாங்கும்போது புது மரத்தைவிடப் பழைய வீடு இடித்த சாமான் கடையில் கிடைக்கும் மரமே எனக்குப் பிடித்தது. எத்தனையோ கோடையும் மழையும் பார்த்த கட்டை, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். காரைக்குடி பக்கம் போகிறவர்களுக்கு இது எளிது. மற்ற ஊர்களிலும் விசாரித்தால் இருக்கும். ஒரு மிதிபலகை 36 அங்குல நீளம், 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 540 கன அங்குலம். அதை 1728-ஆல் வகுத்தால் சுமார் 0.31 கன அடி. எத்தனை பலகை மாற்றப்போகிறீர்களோ அதைக் கணக்கிட்டு, சேதாரத்துக்கு எட்டில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் கட்டையில் வைரம் (மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான, கருத்த பகுதி) மட்டும் இருக்க வேண்டும். ஓரத்தில் வெளிறிய பட்டையாக ‘வெள்ளை’ ஓடினால் அந்தப் பகுதியை அறுத்துவிடச் சொல்லுங்கள். வண்டு முதலில் இறங்குவது அங்கேதான்.

3. அடியில் படுத்துப் பாருங்கள்

முதல் நாள் முழுவதும் எதையும் பிரிக்காதீர்கள். பார்ப்பது மட்டும்தான் வேலை.

ஒருவர் மெதுவாக ஏறட்டும். ஒவ்வொரு படியிலும் இடது, நடு, வலது என்று மூன்று முறை எடையை மாற்றி நிற்கட்டும். நீங்கள் அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பலகை வளைகிறதா, முனை காடிக்குள் (பலகை முனை உட்காரச் சட்டத்தில் வெட்டிய பள்ளம்) ஏறி இறங்குகிறதா, சட்டமே சுவரை விட்டு நகர்கிறதா என்று மூன்றையும் பிரித்துக் கவனியுங்கள். மேலே நிற்பவருக்கு இந்த மூன்றும் ஒரே ஆட்டமாகத்தான் தெரியும். கீழே படுத்திருப்பவருக்குத்தான் வேறுபாடு தெரியும். அந்தந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள்: சத்தத்துக்கு ஒரு கோடு, ஆட்டத்துக்கு இரண்டு, உளுப்புக்கு ஒரு வட்டம்.

அடுத்து கோணி ஊசி. பக்கச்சட்டம் தரையில் உட்காரும் இடம், மேலே உத்திரத்தில் சாயும் இடம், சுவரை ஒட்டிய பக்கம், ஒவ்வொரு பொருத்தும் என எல்லா இடத்திலும் ஊசியை விரல் பலத்தில் அழுத்துங்கள். நல்ல தேக்கில் முனை மட்டும் பதியும். எங்கள் வீட்டுச் சட்டத்தின் அடியில், பெயின்ட் பளபளவென்று இருந்த இடத்தில், ஊசி முக்கால் அங்குலம் வெண்ணெயில் போவதுபோலப் போனது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈர மண் ஒட்டியிருந்தது. மேலே நான் அடித்திருந்த வார்னிஷ் அந்தக் கரையானை ஒன்றும் செய்திருக்கவில்லை.

பிறகு ஒரு நேர்ச்சட்டத்தை மிதிபலகையின் முன் விளிம்பில் நீளவாக்கில் வைத்து, நடுவில் எத்தனை நூல் பள்ளம் என்று அளந்து, படி எண்ணோடு ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் பிறகு மரம் வாங்கும் பட்டியல்.

எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கச்சட்டம் குறுக்கே விரிசல் விட்டிருந்தாலோ, மேல்முனை உத்திரத்தில் உட்காரும் இடம் உளுத்திருந்தாலோ, வீட்டு வேலையாக அதைச் செய்யாதீர்கள். படியில் யாரையும் ஏறவிடாமல், அடியில் முட்டுக் கொடுத்து, அனுபவமுள்ள ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

4. கரையானும் வண்டும்: மரத்தைத் தொடும் முன்

மண் பூசிய கோடு தெரிந்தால் கரையான். நெல்லை விடச் சிறிய ஓட்டையும், அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கரையான் பெரும்பாலும் தரைக்கு அடியிலிருந்து வருகிறது. மரத்தில் மட்டும் மருந்து அடித்தால் வழி மாற்றிக்கொண்டு மறுபடி ஏறும். சட்டம் உட்காரும் இடத்தைச் சுற்றித் தரையிலும் சுவர் மூட்டிலும் துளையிட்டு மருந்து இறக்க வேண்டும். இதைப் பூச்சி மருந்துக்காரரிடம் விடுவதே நல்லது. அவர் வந்து போன பிறகுதான் மரவேலை. முதலில் மரவேலை முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டால், புது மரத்தைச் சுற்றி ஓட்டை போட வேண்டிவரும்.

வண்டுக்கு, பூச்சு இல்லாத வெறும் மரத்தில் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலைத் தூரிகையால் இரண்டு மூன்று தடவை ஊறவிடலாம். பெயின்ட், வார்னிஷ் மீது அடித்தால் உள்ளே போகாது. படியின் அடிப்பக்கம் பெரும்பாலும் பூச்சில்லாமல் இருப்பது இங்கே நமக்கு உதவி. மாற்றப்போகும் புதுத் துண்டுகளுக்கும் பொருத்துவதற்கு முன்பே இதை அடித்து, பசை வைப்பதற்கு முன் நன்றாகக் காயவிடுங்கள்.

5. பக்கச்சட்டத்தின் கால்

வீடு துடைக்கும் தண்ணீர் தினமும் போய்ச் சேரும் இடம் இது. மரம் நீளவாக்கில் தண்ணீரை உறிஞ்சும். வெட்டுமுனை தரையைத் தொட்டால் திரிபோல ஈரம் மேலே ஏறும். பழைய வீடுகள் சிலவற்றில் முதல் படி மட்டும் கல்லாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் தரையைத் தொடாமல் காப்பது அந்தக் கல்தான்.

சரிசெய்யும் முறை இது. முதலில் உளுப்புக்கு மேலே, நல்ல மரம் உள்ள இடத்தில், இரண்டு சட்டத்துக்கும் அடியில் முட்டு கொடுத்து ஆப்பால் இறுக்குங்கள். மேலே ஏறி மிதித்துப் பார்த்து அசையவில்லை என்றால்தான் அடுத்த வேலை. முட்டு கொடுக்காமல் காலை அறுத்தால் படி முழுக்க ஒரு நூல் இறங்கும். அந்த ஒரு நூல் எல்லாப் பொருத்தையும் திறந்துவிடும், திருப்பி ஏற்றுவது கஷ்டம்.

ஊசி இறங்கிய கடைசி இடத்துக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளி மட்டமாக அறுங்கள். போன உயரம் மூன்று நான்கு அங்குலத்துக்குள் என்றால், அதே உயரத்துக்கு ஒரு கருங்கல் துண்டு வெட்டி வாங்கி, சிமென்ட் கலவையில் உட்கார வைத்து, அதன்மேல் சட்டத்தை இறக்கலாம். எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்தோம். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தார்த்தாள் துண்டு போட்டால் ஈரம் ஏறாது. சட்டம் முன்னால் வழுக்காமல் இருக்க, கல்லில் ஓர் இரும்புக் கம்பி பதித்து அதன்மேல் சட்டத்தில் துளையிட்டு உட்கார வையுங்கள்.

அதற்கு மேல் போயிருந்தால் புது மரம் ஒட்டுப்போட வேண்டும். சட்டத்தின் கனத்தில் பாதியைப் பழையதிலும் பாதியைப் புதியதிலும் எடுத்து, குறைந்தது ஓர் அடி நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, பசையோடு நான்கு போல்ட் போட வேண்டும். முனையோடு முனையை ஒட்டி இரண்டு ஸ்க்ரூ போட்டதை ஒரு வீட்டில் பார்த்தேன். முனைக்கு முனை பசை பிடிக்காது. ஈரத்தை உறிஞ்சுவதுபோலவே பசையையும் மரம் உறிஞ்சிவிடும், நடுவில் ஒன்றும் மிஞ்சாது.

6. சட்டங்கள் விரிந்திருந்தால்

மிதிபலகையின் முனை காடியை விட்டு வெளியே வந்து, ஓரத்தில் புது மர நிறம் தெரிந்தால் இரண்டு சட்டமும் விலகியிருக்கின்றன என்று பொருள். ஒரு நூல், இரண்டு நூல் விலகல் வரை இழுத்துச் சேர்க்கலாம்.

முதலில் காடிக்குள் இருக்கும் தூசு, பழைய பசை, உடைந்த ஆணித் தலை எல்லாவற்றையும் கால் அங்குல உளியால் சுரண்டுங்கள். இதைச் செய்யாமல் இழுத்தால் குப்பை தடுக்கும், பலகை வளையும். பிறகு நடுப்படியின் அடியில், இரண்டு சட்டத்தையும் ஊடுருவி மூன்று நூல் கனமுள்ள திரெட் ராடு (நீளம் முழுவதும் மரை வெட்டிய கம்பி) ஒன்றைப் போட்டு, இருபுறமும் வாஷரோடு நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். நீளமான படிக்கு மூன்று இடத்தில் போடலாம். அடிப்பக்கம் இருப்பதால் கண்ணில் படாது.

சுவர் ஓரத்துச் சட்டத்தில் நட்டு போட இடமிருக்காது. அங்கே சட்டத்தைச் சுவரோடு ஆங்கர் போல்டால் பிடித்துக்கொண்டு, ராடின் அந்த முனையைச் சட்டத்தின் உட்பக்கம் ஒரு எல் ஆங்கிளில் மாட்டலாம். பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவரில் ஓரத்தில் துளை போடாமல் செங்கல்லின் நடுவில் போடுங்கள். மூட்டில் போட்டால் சுண்ணாம்பு உதிர்ந்து போல்ட் கையோடு வரும்.

7. கிறீச் சத்தம்

சத்தம் வருவது மரமும் மரமும் உரசுவதால், அல்லது ஆணி தன் ஓட்டைக்குள் ஏறி இறங்குவதால். அதனால்தான் இன்னோர் ஆணி அடிப்பது தீர்வாகாது. ஆணி முதல் வாரம் பிடிக்கும், பிறகு அதன் ஓட்டையும் பெரிதாகும். நான் உதவப் போன ஒரு வீட்டில் ஒரே படியில் 11 ஆணி இருந்தது, சத்தம் அப்படியே இருந்தது.

அடியிலிருந்து பாருங்கள். மிதிபலகைக்கும் முகப்புப் பலகைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால், நீளமான மெல்லிய ஆப்பு செய்து, பசை தடவி, விரலால் தள்ளும் அளவு உள்ளே போனபின் கொட்டாப்புளியால் இரண்டே தட்டு. அதற்குமேல் அடித்தால் ஆப்பு பலகையைத் தூக்கி, பக்கத்தில் புது இடைவெளி திறக்கும். நேற்றுவரை பேசாத படி இன்று பேசினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பலகையே வளைந்து சத்தம் போட்டால், அடியில் மூலையில் ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டையைப் பசையோடு வைத்து ஸ்க்ரூ போடுங்கள். கட்டை ஒன்றரை, பலகை ஒன்றரை என்றால் இரண்டரை அங்குல ஸ்க்ரூ சரி. மேலே அரை அங்குலம் மிச்சமிருக்கும். தேய்ந்த நடுப்பகுதியில் பலகையின் கனம் குறைவு என்பதை மறக்காதீர்கள், அங்கே அளந்து சின்ன ஸ்க்ரூ போடுங்கள். தேக்கு, வேங்கை போன்ற மரத்துக்கு முதலில் 3 மி.மீ. துளை கட்டாயம். கட்டையில் மட்டும் அந்தத் துளையை 4.5 மி.மீ. ஆக்கினால் ஸ்க்ரூ அதில் தளர்வாகப் போய், பலகையைக் கட்டையோடு இழுத்துச் சேர்க்கும். இரண்டிலும் ஒரே துளை என்றால் இடைவெளி அப்படியே நிற்கும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் இடத்தைப் புதிதாகச் சுரண்டி, தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அரை மணி நேரத்துக்குள் பசை வையுங்கள். நேரம் போனால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும்.

பவுடர், மெழுகு தேய்ப்பது விருந்தாளி வரும் நாளைக்கு மட்டும். அதைத் தேய்த்த இடத்தில் பிறகு பசையும் பிடிக்காது.

8. தேய்ந்த மிதிபலகை

இப்போதுதான் எழுதிவைத்த தாளை எடுக்க வேண்டும். பள்ளம் ஒரு நூலுக்குள் இருந்தால் இழைத்து மட்டமாக்கினால் போதும். ஒன்று முதல் நான்கு நூல் வரை திருப்பிப் போடலாம், அல்லது ஒட்டுத்துண்டு வைக்கலாம். கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எந்த வேலையானாலும் கீழ்ப்படியிலிருந்து மேலே போங்கள், ஒரு நேரத்தில் ஒரு பலகை மட்டும் பிரியுங்கள். அப்போதுதான் நீங்கள் எப்போதும் முடிந்த படியில் நிற்பீர்கள், சட்டமும் விரியாது.

திருப்பிப் போடுவது: பலகை, சட்டத்தில் அடித்த தாங்குகட்டையின் மேல் உட்கார்ந்திருந்தால், அல்லது காடிக்குள் ஆப்பு வைத்து இறுக்கியிருந்தால், இது மிகச் சுலபம். ஆப்பைத் தட்டி எடுத்து, பலகையை உருவி, பின்விளிம்பு முன்னால் வரும்படிப் புரட்டுங்கள். மிதிபடாத விளிம்பு உங்களுக்குக் கிடைக்கும். ஏணி மாதிரித் திறந்த படியில் வேலை இத்தோடு முடிந்தது. முகப்புப் பலகை உள்ள படியில், பழைய பள்ளம் பின்னால் அடியில் போய்ச் சேர்வதால் அங்கே ஓர் இடைவெளி வரும். அதை அளந்து மரத்துண்டால் அடையுங்கள். விட்டுவிட்டால் அடுத்த சத்தம் அங்கிருந்து வரும்.

பலகையின் முனையைக் கழுந்தாக (துளைக்குள் நுழையும் நாக்காக) செதுக்கி, அது சட்டத்தை ஊடுருவி வெளியே ஆணி அறைந்திருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். அது படி முழுவதையும் கட்டிப்போட்டிருக்கும் பொருத்து. அந்தப் பலகைக்கு ஒட்டுத்துண்டுதான்.

ஒட்டுத்துண்டு: பள்ளத்தின் இருபுறமும் இரண்டு அங்குலம் கூட்டி, முன் விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே வரை குறியுங்கள். இரு முனைக் கோடுகளையும் நேராகப் போடாமல் சாய்வாகப் போடுங்கள்: முன்பக்கம் குறுகல், பின்பக்கம் அகலம். அப்போதுதான் துண்டு காலின் இழுப்புக்கு முன்னால் நழுவாது. ஆழம் குறைந்தது மூன்று நூல். அதற்கும் மெல்லிய துண்டு குதிகால் விழுந்து விழுந்து விரிசல் விடும்.

ரம்பத்தால் முனைக் கோடுகளை அறுத்து, நடுவில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டாகப் போட்டு, உளியால் பெயர்த்து எடுங்கள். அடித்தளம் மட்டமாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் மேடு இருந்தால் துண்டு ஆடும்; நடு அரை மயிரிழை பள்ளமாக இருந்தால் பரவாயில்லை. துண்டின் ரேகை பலகையின் ரேகை போகும் திசையிலேயே போகட்டும். குறுக்கே வைத்தால் ஒரே வருடத்தில் பிரியும், ஏனென்றால் ஒன்று ஊதும்போது மற்றது ஊதாது.

துண்டைப் பள்ளத்தை விட அரை நூல் உயரமாகச் செய்து, மேலிருந்து இறக்கி, பசையோடு கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். பிறகு இழைத்து மட்டமாக்குங்கள். புதியவர்கள் பசை வெளியே வழிந்து காய்ந்ததைப் பார்த்து மூன்று மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றிவிடுகிறார்கள். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும்.

இந்தப் பள்ளங்களில் எம்-சீல் நிரப்பாதீர்கள். ஆணி ஓட்டைக்கு அது நல்லது. விளிம்பில் ஊதிச் சுருங்கும் மரத்தோடு அது அசையாது. குதிகால் இடிக்கும் இடத்தில் ஓடாகப் பெயரும், காலையும் கிழிக்கும்.

புதுப்பலகை: தாங்குகட்டையும் ஆப்பும் இருந்தால் அளந்து வெட்டி அப்படியே போடலாம். இருபுறமும் மூடிய காடி என்றால் பழையதை நடுவில் அறுத்துத்தான் எடுக்க முடியும், முழுநீளப் புதுப்பலகை உள்ளே போகாது. அங்கே சட்டங்களுக்கு நடுவே உள்ள அகலத்துக்குப் பலகை வெட்டி, அடியில் இரண்டு அங்குலத் தாங்குகட்டையைப் பசையும் மூன்று ஸ்க்ரூவும் போட்டு இரு சட்டத்திலும் பொருத்துங்கள். காலியான காடியை மரத்துண்டால் அடைத்துவிடலாம்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. வீடுகளுக்கு மிதி அகலம் குறைந்தது 250 மி.மீ., படி உயரம் அதிகபட்சம் 190 மி.மீ. என்பது இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. பழைய மச்சுப்படிகள் இதைவிடச் செங்குத்தாகத்தான் இருக்கும், அதை இப்போது மாற்ற முடியாது. ஆனால் எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒரு பலகை மட்டும் இரண்டு மூன்று நூல் கனமாக அமைந்தாலும் இறங்குபவர் தடுக்குவார், ஏனென்றால் மூன்றாவது படிக்குள் கால் உயரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டுவிடும். பலகை பொருத்தியதும் மேலும் கீழும் அளந்து பாருங்கள்.

9. கைப்பிடி

பூச்சுக்கு முன் இதை முடிக்க வேண்டும். வார்னிஷ் அடிக்கும் நாட்களில் இரண்டு படியாகத் தாண்டி ஏறப்போவது இதைப் பிடித்துக்கொண்டுதான். ஆடும் கிராதிக் கம்பிகளை உருவி, காடியைச் சுத்தம் செய்து, பசையும் மெல்லிய ஆப்பும் வைத்து இறக்குங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு கம்பிக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடம் விடாதீர்கள். அடித்தூண் ஆடினால் கம்பிகளைச் சரிசெய்து பயனில்லை; முதலில் தூணைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

10. பழைய பெயின்ட்டும் இழைப்பும்

வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மெஷின் போட்டு உலர்ந்த பெயின்ட்டைத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டாதீர்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, செதிலைத் தாளில் வாங்கி, ஈரத்துணியால் துடையுங்கள். முகத்துக்கு என்-95, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வேண்டாம்.

மரம் தெரிந்தபின் ஆணித் தலைகளை எல்லாம் உள்ளே இறக்கிவிட்டு இழைப்புளி ஓட்டுங்கள். ஒரு தலை மிஞ்சினால் அலகு பல் விடும். பிறகு 80, 120, 180 என்று ரேகை போகும் திசையிலேயே உப்புத்தாள். 180-க்கு மேல் மிதிபலகைக்கு வேண்டாம். கண்ணாடிபோல் வழவழப்பானால் கால் நிற்காது. முன் விளிம்பின் கூர்மையை மட்டும் உருட்டிவிடுங்கள், கூர்விளிம்பில் பூச்சு நிற்காமல் முதலில் அங்கேதான் உரியும்.

11. பூச்சு

மிதிபலகைக்குப் பளபளப்பில்லாத பாலியூரித்தேன் வகை போதும். பளபளப்பு வார்னிஷும் மெழுகு பாலிஷும் ஈரக்காலுக்கு ஆபத்து. வழுக்கும் என்று பயமாக இருந்தால், முன் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இரண்டு மெல்லிய காடிகள் போட்டுவிடுங்கள். பாட்டி தாத்தா இருக்கும் வீட்டில் நான் அதைக் கட்டாயம் செய்வேன்.

ஒற்றைப்படைப் படிகளை ஒரு நாள், இரட்டைப்படைப் படிகளை மறுநாள் அடியுங்கள். அடித்த படியில் நாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். பெரியவர்கள் அந்த நாட்களில் ஏறவே வேண்டாம். முதல் பூச்சு மெல்லியதாக, தின்னர் கலந்து. காய்ந்ததும் லேசாக உப்புத்தாள், துடைப்பு, பிறகு இரண்டு பூச்சு. அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சாவது வேண்டும். மேலே மட்டும் அடைத்தால் கீழ்ப்பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கிண்ணமாக வளையும்.

ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது வெளியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள்.

12. முதல் மழைக்காலம்

ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம் மறுபடி ஒரு முறை அடியில் படுத்துப் பாருங்கள். ஆப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடிக்காதீர்கள், நீட்டியதை உளியால் சீவிவிடுங்கள். ராடின் நட்டு அழுந்தி மரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். தை வந்ததும் மறுபடி இறுக்கலாம். கல்லின் மேல் சட்டம் உட்காரும் இடத்தில் கோணி ஊசியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வீடு துடைக்கிறவரிடம், படியின் காலடியில் தண்ணீரை ஊற்றித் தள்ளாமல் பிழிந்த துணியால் துடைக்கச் சொல்லிவையுங்கள்.